பாலிமீட்டருக்குத் தமிழில் என்ன சொல்? கிங் கிரிம்ஸன் தொகுப்புகளை முன்வைத்து

ந.மு. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் புரோக்ரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) கலைச்சொற்பட்டியலில் 'ஒற்றைப்படைத் தாளம்' (7, 13 போன்ற எண்ணிக்கையில் சுற்றுவது), 'கருப்பொருள் தொகுப்பு' (கான்செப்ட் ஆல்பம்) இரண்டும் மறுப்பில்லாமல் தேறிவிட்டன. இழுபறி பாலிமீட்டரில்தான். பாலிரிதம், பாலிமீட்டர் இரண்டுக்கும் சேர்த்து 'பல்தாளம்' என்று போட்டுவிடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டும் வெவ்வேறு சங்கதிகள்.

ஒரே தட்டுக்குள் ஒருவர் மூன்றும் இன்னொருவர் நான்கும் வாசித்தால் அது பாலிரிதம். தட்டு பொது, உள்ளே பகுப்பு வேறு. இதற்கான சொல் நம் கையிலேயே இருக்கிறது: நடை. ஒருவர் திஸ்ர (மூன்று) நடை, மற்றவர் சதுஸ்ர (நான்கு) நடை. பாலிமீட்டரில் மாத்திரை, அதாவது எண்ணும் சிறு அலகு, இருவருக்கும் ஒன்றே. எத்தனை மாத்திரைக்கு ஒருமுறை முதலுக்குத் திரும்புகிறார்கள் என்பதில்தான் வேறுபடுகிறார்கள். அது சுற்றின் நீளம், ஆவர்த்தனத்தின் நீளம்.

ஆகவே பாலிரிதம் = பன்னடை, பாலிமீட்டர் = பல்சுற்று என்று முன்மொழிகிறேன். பல்சுற்றுக்கு எடுத்துக்காட்டாக இங்கிலாந்தின் புரோக்ரசிவ் ராக் குழுவான கிங் கிரிம்ஸனின் 'ரெட்' (1974) தொகுப்பிலிருந்து 'ஸ்டார்லெஸ்' பாடலைக் கொடுக்கலாமா?

அன்புடன்
ந.மு.

செ.வே. எழுதியது:

> 'ஸ்டார்லெஸ்' பாடலைக் கொடுக்கலாமா?

கூடாது ஐயா. அருமையான பாடல், ஆனால் இந்தப் பதிவுக்கு அது பொருந்தாது. அதன் நடுப்பகுதியில் ஜான் வெட்டனின் பேஸ் கிட்டார் 13 எண்ணிக்கையில் சுற்றுகிறது. அதன்மேல் கிட்டார் வாசிக்கும் ராபர்ட் ஃபிரிப் ஒற்றைச் சுரத்தை மீண்டும் மீண்டும் மீட்டி, படிப்படியாக மேலே ஏற்றிக்கொண்டு போகிறார். பின்னால் அதே 13 இரட்டை வேகத்தில் வெடிக்கிறது. எல்லாம் சரி, ஆனால் எல்லாரும் ஒரே 13-இல்தான் நிற்கிறார்கள். அது ஒற்றைப்படைத் தாளம். பல்சுற்று ஆகாது.

பல்சுற்றுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் 1981-இல் வந்த 'டிசிப்ளின்' தொகுப்புக்குத்தான் போகவேண்டும். 1974-இல் கலைந்த குழு ஏழாண்டு கழித்துத் திரும்பியபோது பழைய ஆட்களில் ஃபிரிப்பும் டிரம்ஸ் வாசித்த பில் புரூஃபர்டும் மட்டுமே மிச்சம். புதிதாக வந்தவர்கள் கிட்டார் வாசித்துப் பாடிய ஏட்ரியன் பெலூவும், பேஸ் கிட்டாரோடு விரலால் தட்டி வாசிக்கும் பத்து நரம்புச் சாப்மன் ஸ்டிக்கும் வாசித்த டோனி லெவினும். 1969-இன் முதல் தொகுப்பில் மெல்லோட்ரான் (நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் விசைப்பலகைக் கருவி) நிரப்பிய பிரம்மாண்டத்துக்கு இதில் இடமே இல்லை. சின்னச் சின்னச் சொற்கட்டுகள் (திரும்பத் திரும்ப வரும் சிறு கோவைகள்) ஒன்றன்மேல் ஒன்று ஓடுகின்றன. பாலி, ஜாவா தீவுகளின் கமெலான் என்ற தாளவாத்தியக் குழு இசையும், சிறு கோவைகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் ஸ்டீவ் ரைக்கின் மினிமலிசமும் இதில் வெளிப்படையாகவே கேட்கும்.

எளிதில் பிடிபடுவது 'தேலா ஹுன் கின்ஜீட்'. கிட்டார் 7 மாத்திரைச் சுற்றில், மற்றவர்கள் நான்கு தட்டில், அதாவது 8 மாத்திரையில். 7 மாத்திரை என்பது மூன்றரைத் தட்டு. எனவே கிட்டாரின் முதல் சுரம் ஒரு முறை தட்டின்மேல் விழும், அடுத்த முறை தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே விழும். இரண்டு சுற்று முடிந்ததும் மறுபடி ஒரு தட்டின்மேல் வந்து உட்காரும், ஆனால் அது முதல் தட்டாக இராது. இருவரும் உண்மையாகச் சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், கூட 56 மாத்திரை ஆகும்: கிட்டாருக்கு 8 சுற்று, டிரம்ஸுக்கு 7 சுற்று.

'ஃபிரேம் பை ஃபிரேம்' இதைவிட நுட்பம். இரண்டு கிட்டாரும் 7-இல் ஒன்றாகப் புறப்படுகின்றன. பிறகு ஒன்று 7-இலேயே நிற்க, மற்றது ஒரு சுரத்தை விட்டுவிட்டு 13 ஆகிவிடுகிறது. இரண்டு ஏழுக்குப் பதினான்கு வரவேண்டிய இடத்தில் பதின்மூன்று. இரண்டும் ஒரே சொற்கட்டு என்பதால் முதலில் எதிரொலி போலக் கேட்கும், பிறகு இடைவெளி அகலும். கணக்குப்படி 91 மாத்திரையில் கூடவேண்டும்: அங்கே 13 சுற்று, இங்கே 7 சுற்று.

தொகுப்பின் பெயரையே கொண்ட கடைசி உருப்படியில் புரூஃபர்ட் 17 மாத்திரைச் சொற்கட்டைப் பிடித்துக்கொண்டு, காலால் பேஸ் டிரம்மில் நேர்த்தட்டு போட்டபடியே இருக்கிறார். ஒரு தட்டுக்கு நான்கு மாத்திரை என்று வைத்தால், ஒவ்வொரு சுற்றும் ஒரு மாத்திரை தள்ளித் தொடங்கும். நான்கு சுற்றில் சரியாகப் பதினேழு தட்டு. ஒரே ஆளின் கையும் காலும் இரண்டு சுற்றில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். 'பல்சுற்று என்றால் பலர் வாசிப்பது' என்று வரையறை எழுதினால் இது வெளியே போய்விடும். 'ஒரே மாத்திரையில், வெவ்வேறு நீளமுள்ள சுற்றுகள் ஒருங்கே ஓடுவது' என்று எழுதுங்கள்.

செ.வே.

கா.ரா. எழுதியது:

வரையறை நன்று. சொற்களில் எனக்கு இரண்டு மறுப்பு.

'பன்னடை' வேண்டவே வேண்டாம். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் ஒரு துணைக்கால் கூடுதலாக விழுந்தால் 'பன்னாடை', அது நம்மூரில் வசைச்சொல். அச்சில் ஒருமுறை பிழையானால் போதும், அந்தச் சொல் அதோடு போயிற்று. 'நடைக்கலப்பு' என்று வைத்தால் இந்த ஆபத்து இல்லை.

'பல்சுற்று' என்று தனியே நின்றால் போட்டிகளில் பல சுற்று என்று படிப்பார்கள். மின்சுற்றும் நினைவுக்கு வரும். 'பல்சுற்றுத் தாளம்' என்று முழுச்சொல்லாகப் பதிவோம். கட்டுரைக்குள் இரண்டாம் முறை வரும்போது 'பல்சுற்று' என்று சுருக்கிக்கொள்ளட்டும்.

இனி தொகுப்புகளைப் பற்றி. கிங் கிரிம்ஸனின் உச்சம் 'ரெட்'தான் என்று நினைக்கும் கட்சி நான். 'டிசிப்ளின்' கச்சிதமானது, ஆனால் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' முதல் 'ரெட்' வரை 1973, 74-இல் இருந்த அபாயம் அதில் இல்லை. 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' தொகுப்பின் பெரும்பகுதி மேடையில் பதிவானது. கைதட்டலை நீக்கிவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயே முளைத்து அங்கேயே முடியும் இசை அது. 80-களின் கிரிம்ஸனில் யார் எங்கே வருவார் என்பது முன்பே தீர்மானமாகிவிட்டது. இருந்தும் கலைச்சொல் பதிவுக்கு 'டிசிப்ளின்'தான் சரியான எடுத்துக்காட்டு என்பதில் செ.வே.யோடு எனக்கு வேறுபாடில்லை.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பாலித் தீவின் கொத்தேகானில் ஒரே வேகமான மெட்டை இருவர் பங்கிட்டு வாசிப்பார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புவார். கிரிம்ஸனின் 2000-ஆம் ஆண்டுத் தொகுப்பான 'தி கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் லைட்'டின் தலைப்பு உருப்படியில் இரண்டு கிட்டார்கள் இப்படித்தான் சுரத்தை மாற்றி மாற்றிப் போடுகின்றன. இதில் சுற்று ஒன்றே, விலகலே கிடையாது. இதையும் பல்சுற்றில் சேர்த்துவிடுகிறார்கள். இதற்குப் 'பின்னல்' என்று தனிச்சொல் வைக்கலாம். 'கிட்டார் பின்னல்' என்றால் யாருக்கும் விளங்கும்.

கா.ரா.

ந.மு. எழுதியது:

நடைக்கலப்பு, பல்சுற்றுத் தாளம், பின்னல் மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். 'ஸ்டார்லெஸ்' ஒற்றைப்படைத் தாளத்தின் பதிவுக்குப் போகிறது.

பதிவின் கீழே 'வாசித்துப் பார்க்க' என்று ஒரு பத்தி சேர்க்க விரும்புகிறேன். வரையறையை மட்டும் படித்தவர்களுக்கு இது காதில் ஏறாது. செ.வே. எழுதித் தர முடியுமா?

செ.வே. எழுதியது:

இதோ. வேண்டியபடி வெட்டிக்கொள்ளுங்கள்.

காலால் நேர்த்தட்டு போடுங்கள். மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60-இல் இருந்தால் போதும். ஒரு தட்டுக்கு இரண்டு மாத்திரை. கையால் 'தகிட தகதிமி' என்று ஏழு மாத்திரையைத் தொடையில் தட்டி, ஒவ்வொரு சுற்றின் முதல் 'த'வில் மட்டும் அழுத்தம் கொடுங்கள். வாயால் எண்ணவேண்டியது அந்த ஏழு மாத்திரையை மட்டுமே. காலையும் சேர்த்து எண்ண முயன்றால் இரண்டும் குழம்பும்.

தப்பு பெரும்பாலும் இரண்டாவது சுற்றில்தான் நடக்கும். முதல் சுற்றின் அழுத்தமான 'த' காலோடு விழுகிறது. இரண்டாவது சுற்றின் 'த' தட்டுக்கு நடுவே விழவேண்டும். அங்கே கை தன்னையறியாமல் அரைத்தட்டு காத்திருந்து காலோடு சேர்ந்துகொள்ளும். அப்போது ஏழு எட்டாகிவிடும், வாசிப்பவருக்கே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை: 28 தட்டு முடிந்து 29-ஆம் தட்டில் கையும் காலும் சேர்ந்து முதலுக்கு வரவேண்டும், அதற்குள் கை எட்டு சுற்று முடித்திருக்கவேண்டும். ஏழே சுற்று என்றால் நடுவில் காத்திருந்திருக்கிறீர்கள்.

கணினியில் செய்வோர் 7-க்கும் 8-க்கும் இரண்டு தடங்களை மிடியில் (ஒலியாக அன்றி, சுரக் குறிப்புகளாகச் சேமிக்கும் முறை) போட்டுச் சுழலவிடலாம். ஒலிக்கோப்பை வெட்டிச் சுழலவிட்டால் வெட்டு மில்லிநொடி பிசகினாலும் சுற்றுக்குச் சுற்று பிசகு கூடிக்கொண்டே போகும். எட்டாவது சுற்றில் கூடவேண்டியது கூடாது.

கா.ரா. சொன்ன 'அபாயம் இல்லை' என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை. 17-ஐக் கையிலும் நேர்த்தட்டைக் காலிலும் வைத்துக்கொண்டு மேடையில் நிற்பதைவிட அபாயம் என்ன இருக்கிறது? ஒரு மாத்திரை தவறினால் ஒதுங்க இடமில்லை. கேட்பவருக்குப் பதற்றம் தெரியாதபடி வாசித்தார்கள், அவ்வளவே.

செ.வே.

கா.ரா. எழுதியது:

அந்தச் சோதனை நன்றாக இருக்கிறது, அப்படியே சேர்க்கவும்.

விடுபட்ட ஒன்று. கிரிம்ஸனுக்குப் பின் வந்தவர்களில் டூல் குழு 2001-இல் அவர்களோடு சேர்ந்தே மேடையேறியது. சுவீடனின் மெஷுகா பல்சுற்றை மெட்டல் இசையில் ஒரு பாணியாகவே ஆக்கியது. ஆனால் அவர்கள் சுற்றுகள் தாமாகக் கூடும்வரை காத்திருப்பதில்லை. உதாரணத்துக்கு நான்கு தட்டு வீதம் எட்டு ஆவர்த்தனம், தட்டுக்கு நான்கு மாத்திரை என்றால் மொத்தம் 128. அதன்மேல் 23 மாத்திரை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் கோவை) ஒன்றை ஓட்டினால் ஐந்து சுற்றுக்கு 115, மிச்சம் 13. ஆறாவது சுற்றை 13-ஆம் மாத்திரையில் வெட்டிவிட்டு எல்லாரும் முதலுக்கு வருவார்கள். கர்நாடக இசையில் முத்தாய்ப்பாக வரும் நம் கோர்வையில் இந்த மிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டுத் தொடங்கும் இடத்தைத் தள்ளிவைப்பார்கள், இறுதியில் வெட்டமாட்டார்கள். எனவே 'கோர்வை' என்று இதைச் சொல்ல முடியாது. 'வெட்டுச்சுற்று' என்று வைக்கலாமா?

ந.மு. எழுதியது:

சொல்லின் இறுதி எழுத்து விடுபடுவதற்கு இலக்கணத்தில் 'கடைக்குறை' என்ற பெயர் இருக்கிறது. சுற்றின் இறுதி விடுபடுவதற்கும் அதுவே பொருந்தும்: கடைக்குறைச் சுற்று. 'வெட்டுச்சுற்று' என்றால் எங்கே வெட்டு என்பது தெரியாது. மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் நான்கு பதிவுகளையும் ஒன்றாக ஏற்றிவிடுகிறேன்.