பனிமூட்டத்தில் டிஜிட்டல் ஸ்டாம்ப்: உங்களுக்கு என்ன ஆச்சு?

குன்னூரிலிருந்து:

போன ஐப்பசியில் நடந்த கதை. அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு அறுபது நன்றி அட்டை நானே செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். ரப்பர் ஸ்டாம்பில் அட்டை செய்து பழக்கம் உண்டு. ஆனால் ரயில் படம் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் இணையத்தில் ஒரு நீராவி ரயில் டிஜிட்டல் ஸ்டாம்ப் வாங்கினேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இது வெறும் கோட்டுப் படம், பிஎன்ஜி கோப்பாக வரும். ரப்பரும் கிடையாது, மை பேடும் கிடையாது. வேண்டிய அளவில் பிரிண்ட் எடுத்து, வண்ணம் தீட்டி, வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். “தம்பி, இந்தப் பென்டிரைவில் ஒரு டிஜிட்டல் ஸ்டாம்ப் இருக்கு, கெட்டி அட்டையில எடுக்கணும்” என்றேன். “எத்தனை ரூபா ஸ்டாம்ப்க்கா? வாடகை ஒப்பந்தமா, கிரயமா?” என்று கேட்டான். பத்திரமே இல்லை, ரயில் படம் என்று புரியவைப்பதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. வெட்கப்பட்டு வீட்டுக்கே வந்து என் இங்க்ஜெட்டில் எடுத்தேன்.

வாட்டர்கலர் பிரஷ் பட்டதும் கோடு கரைந்தது. எஞ்சினிலிருந்து புகை வருகிற மாதிரி வரைந்திருந்தார்கள்; என் அட்டையில் எஞ்சினே புகையாகிவிட்டது. காயவில்லை போலிருக்கிறது என்று இரண்டு நாள் விட்டேன். வெளியே விடாத மழை, வீட்டுக்குள் சுவரே வியர்க்கிறது, காகிதம் எங்கே காயும்? இஸ்திரி பெட்டி வைத்தும் பார்த்தேன். பிறகுதான் விஷயம் விளங்கியது: ஈரம் பாதிதான் காரணம். அது டை மை. காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் இளகும்.

மறுபடி அதே கடை. லேசரில் எடுத்ததும் கோடு அசையவில்லை. டோனர் என்பது பிளாஸ்டிக் பொடி, சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது, தண்ணீருக்கு மசியாது. சந்தோஷத்தில் வானத்துக்கு ஆல்கஹால் மார்க்கர் போட்டேன், அது டோனரைத் தொட்டுக் கறுப்பாக இழுத்துவிட்டது. ஆக, எனக்கு அமைந்த கணக்கு இதுதான்: வாட்டர்கலர் என்றால் லேசர், மார்க்கர் என்றால் நன்றாகக் காய்ந்த இங்க்ஜெட், கலர் பென்சிலுக்கு எதுவானாலும் சரி.

அட்டையைக் கையில் வாங்கிய மாப்பிள்ளையின் தாத்தா, மேட்டுப்பாளையத்துக்காரர், கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னார்: “எஞ்சின் முன்னாடி இருக்கே? நம்ம வண்டி மலை ஏறுறப்ப எஞ்சின் பின்னாடி இருந்துல்ல தள்ளும்.” படம் ஏதோ வெளிநாட்டு வண்டி, எனக்குத் தோன்றவே இல்லை. “இது கீழே இறங்குற வண்டி தாத்தா” என்று சமாளித்தேன். உண்மையும் அதுதான், இறங்கும்போது எஞ்சின் முன்னால்தான் வரும்! நல்லவேளை, நம்ம வண்டி பற்றிக்கொண்டு ஏறுகிற பல்தண்டவாளம் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

அக்கா, மை விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சில டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது தண்ணீரில் கரையாத பொடி மை; மற்ற நிறங்கள் டை. ஃபோட்டோ பேப்பர் என்று செட்டிங் வைத்தால் அந்தக் கறுப்பை விட்டுவிட்டு, நிறங்களைக் கலந்து கறுப்பு உண்டாக்கும். ‘ப்ளைன் பேப்பர்’, ‘கறுப்பு வெள்ளை’ என்று மாற்றுங்கள், கோடு நிற்கும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு ஒரு கட்டு ஐவரி அட்டை போயிற்று.

என் கதை வேறு. தோடர் சால்வை ஒன்றின் கரையை ஸ்கேன் செய்து, டிஜிட்டல் ஸ்டாம்பாக மாற்றி, அட்டை ஓரத்தில் வரிசையாக அச்சடித்தேன். வெள்ளைத் தாளில் சிவப்பும் கறுப்பும், பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. சால்வை பின்னுகிற ஓர் அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, அட்டையைத் திருப்பினார். “பின்னாடி ஒண்ணும் இல்லையே” என்றார். அவர்கள் முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை, துணியின் நூலை எண்ணி எண்ணித்தான் ஊசி போடுகிறார்கள். துணியின் இரண்டு பக்கமும் அவர்களுக்குக் கணக்கு. அப்புறம் மெதுவாகக் கேட்டார், “இதை விக்கப் போறியா?”

தோடர் பூவேலைக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ‘அட்டைதானே’ என்று நினைத்திருந்தேன். அந்தக் கோப்பை அன்றே அழித்தேன். இப்போது என் அட்டை ஓரத்தில் தேயிலைக் கொழுந்து, நானே வரைந்தது. சுமார்தான், ஆனால் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கொடைக்கானலிலிருந்து:

நான் காசு கொடுத்து ஸ்டாம்ப் வாங்குவதையே குறைத்துவிட்டேன். காரணம் ரங்கையாவும் கோவிந்துவும். ராபர்ட் வைட் என்கிற தாவரவியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியச் செடிகளைப் பற்றிப் பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அவற்றுக்குப் படம் வரைந்த நம் ஊர்க் கலைஞர்கள் இவர்கள் இருவரும். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார் வைட். அவருடைய ‘ஐகோன்ஸ்’ தொகுதிகளில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள், பெரும்பாலும் வண்ணமில்லாத கோட்டுப் படங்கள். நமக்கு வேண்டியதும் அதுதானே? காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்தது. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்கிற இணைய நூலகத்தில் ஸ்கேன் பிரதிகள் இலவசம்.

பழைய தாளின் பழுப்பைப் போக்கக் கான்ட்ராஸ்டை ஏற்றினேன், மெல்லிய இழைகளும் சேர்ந்து போயின. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். அளவிலும் ஏமாறாதீர்கள்: 1200 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) நான்கு அங்குலம்தான் வரும், அதற்கு மேல் இழுத்தால் கோடு பல்லிளிக்கும். ஒருமுறை கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கோடெல்லாம் படிக்கட்டாகத் திரும்பி வந்தது. போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடுகிறது. டாக்குமென்ட் என்று அனுப்ப வேண்டும்.

குறிஞ்சி மட்டும் நானே வரைந்தது. 2018-ல் பூத்தபோது எடுத்த போட்டோவை வைத்துக் கோடு இழுத்தேன். வந்திருந்த உறவுக்காரப் பையன் அட்டையைப் பார்த்துவிட்டு, “இந்தப் பூ எங்க இருக்கு, காட்டுங்க அத்தை” என்றான். 2030 வரை பொறுடா என்றேன். நம்பவில்லை, அட்டையை எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்கத் தேடினான்.

ஊட்டியிலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன். மே மாத சீசனில் தெரிந்தவர் கடையில் ஒரு மூலை கிடைத்தது. அட்டைகளைக் கண்ணாடிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். முதல் நாளே கடைக்காரர், “இங்க பிளாஸ்டிக் கவர் கூடாதுன்னு தெரியாதா?” என்று எல்லாவற்றையும் உருவ வைத்தார். பட்டர் பேப்பருக்கு மாறினேன், பார்க்க இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பனியில் நமத்துவிடும். இப்போது அட்டைக் கட்டை அரிசி டிரம்முக்குள் வைக்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது, அட்டை வளைவதில்லை.

விற்கிறவர்கள் இன்னொன்றைப் பாருங்கள்: ஸ்டாம்ப் வரைந்தவர் கோப்போடு ஒரு விதிமுறைத் தாள் வைத்திருப்பார். நான் பார்த்தவரை, கையால் செய்த அட்டையை விற்க அனுமதிப்பவர்கள் உண்டு; படக் கோப்பை அடுத்தவருக்குக் கொடுக்க அனுமதித்தவர் எவரும் இல்லை. என் தோழி ஒருத்தி, “அந்த யானைப் படத்தை அனுப்பேன்” என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அவளே காசு கொடுத்து வாங்கி, எனக்கு ஓர் அட்டை செய்து அனுப்பினாள். யானைக்கு ஊதா நிறம் அடித்திருந்தாள், என்னைக் கடுப்பேற்றத்தான்.

குன்னூரிலிருந்து, மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. கோத்தகிரியிலிருந்து சொன்ன பிக்மென்ட் கறுப்பு வேலை செய்கிறது, நேற்று முயன்றேன்.

மிச்சக் கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். வெளியூர்க்காரர்களுக்கு இருபத்தைந்து அட்டை தபாலில் போனது. ஏ5 அளவில் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) அட்டை எட்டு கிராம் கூட வராது. ஆனால் எஞ்சினைத் தனியாக வெட்டி, ஃபோம் டேப் வைத்து எழுப்பி ஒட்டி, கவருக்குள் போட்டதும் 20 கிராமைத் தாண்டிவிட்டது. கூடுதல் தபால்தலை ஒட்டி அனுப்பினேன். திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா போன் செய்தார்: “அட்டை வந்துச்சும்மா, ரொம்ப அழகு. ஆனா எஞ்சின் மேல யாரோ ஓங்கிக் குத்தியிருக்காங்க.” வழியில் எங்கோ தேதி முத்திரை குத்தியிருக்கிறார்கள். கவரின் மேடான இடம் பார்த்து இறங்கியிருக்கிறது, எஞ்சின் சப்பை. டிஜிட்டல் ஸ்டாம்பை ரப்பர் ஸ்டாம்ப் பழிவாங்கிவிட்டது.

தபாலில் போகிற அட்டைகளில் இப்போது நான் எதையும் எழுப்பி ஒட்டுவதில்லை. ஆனால் பெட்டிகள் தட்டையாகக் கிடக்க எஞ்சின் மட்டும் எழும்பி நின்றால் தனி அழகுதான். குத்து வாங்காமல் அனுப்ப யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.