தனுஷ்கோடி நாவலுக்காக ஓர் உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். காலப்பயணமும் காதலும் கலந்த நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். தனுஷ்கோடியில் இன்று கூரையின்றி நிற்கும் தேவாலயத்துக்குள் நுழையும் ஒரு பெண், 1964 டிசம்பர் மாதத்துத் தனுஷ்கோடியில் கண்விழிக்கிறாள். அங்கே அவள் மனம் பறிகொடுக்கும் சுங்கத்துறை எழுத்தர், 22-ஆம் தேதி இரவுப் புயலில் மாண்டுபோவார் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். அன்றிரவு பாம்பனிலிருந்து வந்து கடலுக்குப் பலியான 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டியின் பயணிகளே நாவலில் ஆவிகளாக வருகிறார்கள். அவர்களை மிரட்டும் பேய்களாக எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈரம் சொட்டும் துணிமூட்டையை மடியில் வைத்தபடி, ஊர் வந்துவிட்டதா என்று விசாரிப்பவர்களாகவே எழுதியிருக்கிறேன்.

தடுமாற்றம் தாய்ப் பாத்திரத்தில்தான். எழுத்தரைச் சிறுவயதில் பாட்டியிடம் விட்டுவிட்டு, இலங்கைக்குப் போகும் தொழிலாளர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் தங்கி, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறி, அங்குள்ள மலையகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர் அவர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான இந்திய, இலங்கை அரசுகளின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக் குடியுரிமை தரவேண்டியவர்களாக ஒதுக்கியபோது, மகனைப் பார்க்கலாம் என்ற ஆசையும் தோட்டத்தை இழக்கும் துயரமும் அவரை ஒருசேர வாட்டுகின்றன.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எவரேனும் அந்த வழியில் பயணம் செய்திருந்தால், முகாமில் என்ன சாப்பாடு கொடுத்தார்கள், எத்தனை நாள் காத்திருந்தார்கள், கப்பலில் பெண்கள் எங்கே அமர்ந்தார்கள், ஊரில் விட்டுவந்த பிள்ளைகளுக்குக் கடிதம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பவற்றைத் தயவுசெய்து கேட்டு எழுதுங்கள்.