காட்டுத் தீயின்போது வெளியேற ராணுவ உபரி முதுகுப் பை: ஆலிஸ் வாங்கலாமா, மாலி வாங்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே, புதர்க்காடு படர்ந்த மலையடிவாரத்தில் குடியிருக்கிறோம். காட்டுத் தீ நெருங்கி, வெளியேறும்படி உத்தரவு வந்தால் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்ப, எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு முதுகுப் பை தயார் செய்ய விரும்புகிறேன். ராணுவ உபரிப் பொருள் கடை ஒன்றில் இரண்டு வகைகளைப் பார்த்தேன். ஒன்று, 1970களில் அமெரிக்கப் படையில் புழக்கத்துக்கு வந்த ஆலிஸ் வகையின் பெரிய பை. அலுமினியச் சட்டம் உடையது, விலையும் குறைவு. மற்றொன்று, 1990களின் இறுதியில் அதற்கு மாற்றாக வந்த மாலி வகையின் பெரிய பை. பக்கப் பைகளையும் சேர்த்தால் சுமார் 80 லிட்டர் கொள்ளும்.

ஆலிஸ் பையின் உட்புறத்தைத் தொட்டால் விரல் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. செதில் செதிலாக ஏதோ உதிர்கிறது. புளித்த நெடியும் அடிக்கிறது. கழுவினால் சரியாகிவிடுமா? மாட்டிப் பார்த்தபோது சட்டத்தின் கீழ்ப்பகுதி இடுப்புக்கு மேலே அழுத்தியது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

ஐயா, அந்தப் பையை வாங்க வேண்டாம். நைலான் துணியில் நீர் இறங்காமல் இருக்க உட்புறம் பாலியூரித்தேன் பூச்சு கொடுத்திருப்பார்கள். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள கிடங்கில் ஆண்டுக்கணக்கில் மடங்கிக் கிடந்தால் அந்தப் பூச்சு சிதைந்து, நீங்கள் சொல்வதுபோலவே பிசுபிசுத்து உதிரும். வெறும் அழுக்கென்றால் வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். சிதைந்த பூச்சைக் கழுவி மீட்க முடியாது. உள்ளே வைக்கும் உடையிலும் ஆவணங்களிலும் அது அப்பிக்கொள்ளும்.

அதே கடையில் நல்ல நிலையில் வேறொரு ஆலிஸ் கிடைத்தாலும், சட்டத்தின் ரிவிட்டுகள் ஆடுகின்றனவா, வளைவுகளில் விரிசல் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். மாலியின் சட்டம் வார்ப்புப் பிளாஸ்டிக்; அதிலும், குறிப்பாகத் தொடக்ககாலச் சட்டங்களில், விரிசல் விழுவதுண்டு. பையைக் கழற்றிச் சட்டத்தை மட்டும் இரு கைகளாலும் மெல்ல முறுக்கினால் தெரிந்துவிடும். உள்ளே தைத்திருக்கும் சீட்டையும் படியுங்கள். அசல் என்றால் 13 இலக்கச் சரக்கு எண் இருக்கும். தனிநபர் தளவாடங்களுக்கு அது 8465 என்று தொடங்கும். அதே சீட்டில் உள்ள கொள்முதல் ஒப்பந்த எண்ணின் நடுவில் வரும் இரண்டு இலக்கங்கள் ஒப்பந்த ஆண்டைக் குறிப்பவை. 85 என்றிருந்தால் 1985. பூச்சின் வயதை மதிப்பிட இதைவிட எளிய வழி இல்லை.

மறுமொழி 2

பூச்சைப் பற்றி மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தருவது 80 லிட்டர் என்ற அளவு. இடம் இருந்தால் நிரப்பிவிடுவோம். நிரப்பினால் தூக்க முடியாது. 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதியில் மூண்ட காட்டுத் தீயின்போது சன்செட் பூலவார்டு சாலையில் போக்குவரத்து உறைந்து, மக்கள் கார்களை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள். பின்னர் புல்டோசரைக் கொண்டு அந்தக் கார்களை ஒதுக்கித் தீயணைப்பு வண்டிகளுக்கு வழி செய்ய வேண்டியதாயிற்று. எனவே காரில் ஏற்றுவது வேறு, முதுகில் சுமப்பது வேறு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புகைக்கு நடுவே வேகமாக நடக்கக்கூடிய எடைதான் முதுகுக்கு உரியது. மலையேற்றத்துக்குச் சொல்லப்படும் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்ற வரம்பைக்கூட நான் இதற்கு அதிகம் என்பேன்.

ஆலிஸ் பையில் இடுப்புப் பட்டை மெலிதாக இருப்பதால் பாரம் பெரும்பாலும் தோளில்தான் இறங்கும். மாலியின் பட்டை தடிமனானது. பாரத்தை இடுப்புக்கு மாற்றும். அந்த வகையிலேயே சுமார் 50 லிட்டர் கொள்ளும் நடுத்தரப் பையும் உண்டு, அதைத் தேடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று நாளுக்கான தண்ணீர் 50 லிட்டர் பையில் அடங்குமா? உருமறைப்பு நிறம் பற்றியும் சொல்லுங்கள். மனைவி உயரம் குறைந்தவர். அவருக்கும் இதே பை பொருந்துமா?

மறுமொழி 2

ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) என்பது அரசின் பரிந்துரை. மூன்று நாளுக்குச் சுமார் 11 கிலோ ஆகிவிடும். அது காரில் இருக்கட்டும். பையில் இரண்டு லிட்டர் வையுங்கள். ஆவணங்கள், மருந்து, என்95 முகக்கவசம், தலைவிளக்கு, சார்ஜர், பருத்தியாலான முழுக்கை உடை ஆகியவை பையில் இருக்கட்டும். தீ நேரத்தில் செயற்கை இழை உடை உருகித் தோலில் ஒட்டும் என்பதால் பருத்தியை வலியுறுத்துகிறேன்.

உருமறைப்பு என்பதே கண்ணில் படாமல் இருப்பதற்கானது. புகையில் உங்களை ஓட்டுநர்கள் பார்த்தாக வேண்டும். ஒளி எதிரொளிக்கும் பட்டையை மேல்மூடியிலும் பக்கங்களிலும் தைத்துவிடுங்கள். உங்கள் மனைவிக்கு ராணுவப் பை வேண்டாம். முதுகு நீளத்துக்கேற்பச் சரிசெய்யக்கூடிய சாதாரண மலையேற்றப் பையே வாங்குங்கள். வாங்கியபின் கோடையில் கார் டிக்கியில் வைக்காமல், வாசலுக்கு அருகே வீட்டுக்குள் வையுங்கள். வெப்பம் பூச்சையும் மருந்தையும் சேர்த்தே கெடுக்கும்.

கேட்டவர்

எனக்கு மாலி நடுத்தரப் பை, மனைவிக்கு மலையேற்றப் பை என்று முடிவு செய்துவிட்டோம். சனிக்கிழமை கடைக்குப் போய்ச் சட்டத்தை முறுக்கிப் பார்த்து, சீட்டில் உள்ள ஆண்டையும் குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன்.