புதுப்பிப்பு: மெனோர்க்காவைப் படகில் சுற்றி முடித்தாயிற்று, நங்கூரம் போட்ட இடங்கள்

ஸ்பெயினின் மத்திய தரைக்கடல் தீவான மெனோர்க்காவை எந்தப் பக்கமாகச் சுற்றுவது, டிராமோன்டானா வடகாற்று அடித்தால் எங்கே ஒதுங்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 'காற்று அடங்கும்வரை தெற்குக் கரையிலேயே கிடங்க' என்ற யோசனைதான் கைகொடுத்தது. கிழக்கே உள்ள மாவோன் துறைமுகத்திலிருந்து கிளம்பியதுமே வடகாற்று பிடித்துக்கொண்டது, ஆனால் தெற்கே பாறைச் சுவர்களின் மறைவில் படகு அதிகம் ஆடவில்லை. காலெஸ் கோவெஸ் என்ற சிறு விரிகுடாவில் பாறையைக் குடைந்த பழங்காலக் கல்லறைக் குகைகளுக்கு நேர் கீழேயே நிற்கலாம், இடம் குறுகல் என்பதால் சீக்கிரம் போய்விடுங்கள். அடுத்து காலா கல்தானா விரிகுடா, நல்ல மணல் அடி, ஆனால் கரையில் ஒரே கூட்டம்.

எதிர்பாராதது பொசிடோனியா கடற்புல் விஷயம். அதன்மேல் நங்கூரம் போடத் தடை. கண்காணிப்புப் படகு வந்து பார்த்துவிட்டு எங்களை நகரச் சொன்னது. வெளிர்நிறமாகத் தெரிவது மணல், கருமையாகத் தெரிந்தால் பெரும்பாலும் புல்.

சியுதாதெயா துறைமுகத்தில் ரிஸ்ஸாகா எச்சரிக்கை இருந்தால் உள்ளே போகாதீர்கள். ரிஸ்ஸாகா என்றால் கடல்மட்டம் திடீரென ஏறி இறங்குவது, 2006 ஜூனில் அங்கே பல படகுகள் நாசமாயின. எங்களுக்கு எச்சரிக்கை இல்லை, அதனால் இறங்கி நவேத்தா தெஸ் துதோன்ஸ் கல்லறையையும் பார்த்தோம். அப்புறம் காற்று தணிந்ததும் வடக்கே ஃபோர்னெல்ஸ். வாய் குறுகிய நீண்ட விரிகுடா, உள்ளே மிதவையில் கட்டிக்கொள்ளலாம். சிங்கி இறால் (லாப்ஸ்டர்) குழம்பு பிரமாதம், விலையைத்தான் கேட்கக்கூடாது.