புது இயர்போனில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி வரவில்லை

போன சனிக்கிழமை ரிச்சி தெருவில் ஒயர் வைத்த இன்-இயர் ஒன்று வாங்கினேன், 10 மி.மீ. டைனமிக் டிரைவர், 16 ஓம். பாட்டுக் குரலும் வயலினும் அவ்வளவு தெளிவு, ஆனால் மிருதங்கத்தில் வலந்தலை (வலது பக்கம்) மட்டும் முன்னால் நிற்கிறது, தொப்பியின் (இடது பக்கம்) கும்கி என்கிற அந்தக் கனத்த ஒலி காணவே காணோம். விரலால் காதுக்குள் அழுத்திப் பிடித்தால் உடனே வருகிறது, விட்டால் போய்விடுகிறது.

கூட வந்த மூன்று அளவு சிலிக்கான் டிப்பும் போட்டுப் பார்த்தாச்சு. ஈக்வலைசரை அணைத்தேன், லேப்டாப்பிலும் அதே கதைதான். தம்பியின் பழைய இயர்போனில் அதே கச்சேரிப் பதிவு நன்றாகக் கேட்கிறது. பெரிய டிப் வலது காதில் நிற்கும், இடது காதில் வேளச்சேரி ரயில் ஏறுவதற்குள் வியர்வையில் வழுக்கி வெளியே வந்துவிடும்.

திருப்பிக் கொடுக்க வரும் சனிக்கிழமை வரைதான் நேரம். ஃபோம் டிப் மாற்றினால் இது சரியாகுமா, இல்லை திருப்பிக் கொடுத்துவிடலாமா?