மழை நின்று ஒரு நாள் ஆகிறது, பாறை காய்ந்துவிட்டது: ஏறலாமா?

நெடுஞ்சுவர்

மூன்று நாள் விடாமல் பெய்த மழை நேற்றுக் காலை நின்றது. இன்று முழு வெயில், நல்ல காற்று. நாளை நால்வராகப் பாறை ஏற ஒரு மணற்கல் சுவருக்குப் போவதாகத் திட்டம். தெற்குப் பார்த்த சுவர். இன்று மாலை அங்கே போய் வந்த நண்பர், "தொட்டுப் பார்த்தேன், காய்ந்துவிட்டது, பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசும் சாக் பொடி நன்றாக நிற்கிறது" என்கிறார். எங்களில் ஒருவர் மட்டும், மணற்கல் என்றால் மழைக்குப் பின் மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். இளவேனிலில் மூன்று நாள் தொடர்ந்து மழை இல்லாத வாரம் எத்தனை வரும்? அப்படிப் பார்த்தால் கோடை வரை வீட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மணற்கல்வாசி

போகாதீர்கள். பிடிவாதம் பிடிக்கும் அந்த ஒருவர் சொல்வதே சரி.

உங்கள் நண்பர் தொட்டது பாறையின் தோலை. மூன்று நாள் மழை உள்ளே இறங்கிய ஆழம் அவருடைய விரலுக்குத் தெரியாது. மணற்கல் என்பது மணல் துகள்களை ஏதோ ஒரு பசை பிடித்து வைத்திருக்கும் கல். அந்தப் பசை சிலிக்காவாக இருக்கலாம், கால்சைட்டாக இருக்கலாம், இரும்பு ஆக்சைடாகவோ களிமண்ணாகவோ இருக்கலாம். களிமண் கலந்திருந்தால் நீர் பட்டதும் இளகும். வெயிலும் காற்றும் வெளித்தோலைச் சில மணி நேரத்தில் உலர்த்திவிடும். உள்ளிருக்கும் ஈரம் துளைகள் வழியாக மெதுவாகத்தான் வெளியே வர முடியும். இடையில் ஒருவர் மெல்லிய விளிம்புப் பிடியில் முழு எடையையும் போட்டு இழுத்தால் பிடி கையோடு வந்துவிடும். அவர் விழுவது ஒரு பக்கம். அந்தப் பிடி இனி யாருக்கும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அமெரிக்காவின் ரெட் ராக் கேன்யனில் மழைக்குப் பின் 24 முதல் 72 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் சாக்சன் சுவிட்சர்லாந்து என்ற மணற்கல் பகுதியில் ஈரப் பாறையில் ஏறக்கூடாது என்பது ஏற்றவிதிகளிலேயே இருக்கிறது. அங்கே சாக் பொடிக்கும் இடமில்லை, விழுந்தால் தாங்குவதற்காக விரிசலில் உலோகக் கருவி செருகவும் இடமில்லை. முடிச்சுப் போட்ட கயிற்றைத்தான் செருகுகிறார்கள். தங்கள் கல் எவ்வளவு மென்மையானது என்று தெரிந்தவர்கள் வகுத்த விதிகள் அவை.

தென்முகம்

மணற்கல்வாசி சொல்லும் அறிவியலோடு எனக்குச் சண்டை இல்லை. மணி நேரத்தை எண்ணும் பழக்கத்தோடுதான் சண்டை. 24 முதல் 72 என்று சொல்லும்போதே, ஒரு மடங்குக்கும் மூன்று மடங்குக்கும் இடையில் எங்கோ என்றுதான் சொல்கிறார்கள். அதில் எங்கே என்று முடிவு செய்வது யார்? பாறையைப் பார்ப்பவர்தானே?

தெற்குப் பார்த்த, காற்று வாங்கும், செங்குத்தான சுவர் ஒரு பக்கம். வடக்குப் பார்த்த, மரங்கள் சூழ்ந்த, மேலிருந்து ஓடைநீர் வழியும் பள்ளம் இன்னொரு பக்கம். ஒரே மழை, ஒரே கல். இரண்டுக்கும் ஒரே மணிக்கணக்கா? சாரல் பத்து நிமிடம் அடித்தாலும் மூன்று நாள், மூன்று நாள் கொட்டினாலும் மூன்று நாள் என்பது கணக்கே அல்ல.

பிரிட்டனின் 35 மணற்கல் வகைகளைச் சோதித்து 1992-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஈரத்தால் வலிமை குறைந்த அளவு, சிலிக்கா மிகுந்த கல்லில் 8 சதவீதம்தான். களிமண் மிகுந்த கல்லில் 78 சதவீதம் வரை போயிருக்கிறது. இரண்டையும் மணற்கல் என்ற ஒரே பெயரில் அடைத்து ஒரே விதி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மணற்கல்வாசி

அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள், தென்முகம். வலிமை இழப்பின் பெரும்பகுதி, உலர்ந்த கல்லில் ஈரம் முதல் ஒரு சதவீதம் ஏறுவதற்குள்ளேயே நடந்துவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு நனைந்தாலும் கூடுதல் இழப்பு குறைவு. இதன் பொருள் என்ன? "கொஞ்சம்தான் ஈரம், பரவாயில்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. முக்கால் பங்கு உலர்ந்த மணற்கல் முக்கால் பங்கு வலிமையோடு இருப்பதில்லை. கடைசித் துளி ஈரம் போகும்போதுதான் வலிமை திரும்புகிறது. அந்தக் கடைசித் துளியைக் கண்ணாலும் விரலாலும் அறிய முடியாது என்பதால்தான் மணிக்கணக்கு வந்தது.

உங்கள் கல் 8 சதவீத வகையா 78 சதவீத வகையா என்று நாளை காலை சுவரடியில் நின்று நால்வரில் யார் சொல்வார்கள்?

நெடுஞ்சுவர்

எங்களில் யாருக்கும் அது தெரியாது. சுவரின் அடியில் மண்ணைத் தோண்டிப் பார்த்தால் தெரியும் என்று கேள்விப்பட்டேன். அது சரியான வழியா?

மணற்கல்வாசி

ஆம். நான்கு விரற்கடை ஆழம் தோண்டுங்கள். உள்மண் ஈரமாக இருந்தால் பாறையும் உள்ளே ஈரம் என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

தென்முகம்

இந்தச் சோதனையை இவ்வளவு நம்புவதும் தவறு. சுவரின் மீது விழுந்த மழை முழுவதும் வழிந்து சேருமிடம் அதன் அடி. நிழலும் அங்கேதான் அதிகம். பாறை காய்ந்த பிறகும் அந்த மண் நாள்கணக்கில் ஈரமாக இருக்கலாம். அது வீண் காத்திருப்பு, போகட்டும். எதிர்ப்பக்கம்தான் ஆபத்து. முன்னால் துருத்தி நிற்கும் சுவரின் அடியில் மழையே படாது, மண் தூசியாகக் கிடக்கும். ஆனால் மேலே இருக்கும் மண்திட்டிலிருந்து நீர் பாறையின் பின்பக்கமாக ஊறி வந்துகொண்டிருக்கும். தோண்டிப் பார்த்தவர் மனநிறைவோடு ஏறுவார்.

நான் பார்ப்பவை வேறு. மேல் விளிம்பில் புல்லும் மண்ணும் எவ்வளவு இருக்கின்றன? விரிசல்களின் கீழ் உதட்டில் கருத்த கோடு தெரிகிறதா? பாறையின் நிறம் நன்கு உலர்ந்த நாளில் இருப்பதைவிட ஒரு படி ஆழமாக இருக்கிறதா? வெயில் படாத மூலையில் புறங்கையை வைத்தால் சில்லென்று ஒட்டுகிறதா? இவற்றில் ஒன்று தவறினாலும் நான் ஏறமாட்டேன், மழை நின்று ஐந்து நாள் ஆகியிருந்தாலும் சரி.

கசிவுநீர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இருவரும் "கடைசி மழை எப்போது" என்பதையே சுற்றி வருகிறீர்கள். நான் சுண்ணாம்புக்கல்லில் ஏறுபவன். அங்கே இளவேனிலில் கடைசி மழைக்குப் பெரிய மதிப்பில்லை. மழை கொட்டும்போதே துருத்திய சுவரின் கீழ் நனையாமல் ஏறிய நாள்களும் உண்டு, இரண்டு வாரம் வானம் வெளுத்திருந்தும் முக்கியமான பிடிகளில் நீர் ஒழுகிய நாள்களும் உண்டு. குளிர்காலம் முழுவதும் மேட்டில் இறங்கிய நீர், பாறை அடுக்குகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் வழியாக இப்போதுதான் வந்து சேர்கிறது. பார்க்க வேண்டியது போன வாரத்தை அல்ல, போன நான்கு மாதத்தை.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதும் கண்ணுக்குப் புலப்படாது. இங்கிலாந்தில் மால்ஹம் கோவ் என்ற சுண்ணாம்புக்கல் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மால்ஹம் ஏரியிலிருந்து வரும் ஓடை நிலத்துக்குள் மறைகிறது. கீழே அந்தப் பெருஞ்சுவரின் அடியில் ஓர் ஓடை பிறக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஏரியின் நீர் மால்ஹம் ஊரையும் தாண்டித் தெற்கே உள்ள ஊற்றுகளில் வெளிப்படுகிறது, சுவரடியில் வருவது வேறோர் இடத்தில் மறைந்த நீர். 2015 டிசம்பரில் பெருமழையின்போது அந்தச் சுவரின் உச்சியிலிருந்தே அருவி கொட்டியது. அப்படி ஒன்றை அங்கு வாழ்பவர்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. நிலத்துக்குள் இவ்வளவு நடக்கும்போது வானிலை முன்னறிவிப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது.

தென்முகம்

கசிவுநீர் நான் சொல்ல வந்ததற்கு வலு சேர்த்துவிட்டார். மழையே இல்லாமலும் பாறை நனையும் இன்னொரு வழி இருக்கிறது. இளவேனிலில்தான் அது அதிகம்.

குளிர் வாரம் ஒன்று முடிந்து திடீரென்று இதமான, ஈரமான காற்று வீசும் நாளை எல்லோரும் நல்ல நாள் என்று நினைக்கிறோம். காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 11 அல்லது 12 டிகிரி. பாறை இன்னும் பழைய குளிரில் 7 டிகிரியில் இருக்கும். நீர் படியாமல் என்ன செய்யும்? சுவர் முழுவதும் வியர்த்துவிடும். வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் காலே நிற்காது. ஒரு வாரமாக மழை இல்லை என்று மணிக்கணக்குக்காரர் மகிழ்ச்சியாக வந்து நிற்பார். அதே 15 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 5 டிகிரிதான். அன்று அதே பாறை அற்புதமாகப் பிடிக்கும். முன்னறிவிப்பில் நான் முதலில் பார்ப்பது மழைப் படத்தை அல்ல, பனிநிலையை.

மணற்கல்வாசி

அருமையான விளக்கம், முழுவதும் ஏற்கிறேன். ஆனால் இது என் விதியை எப்படி உடைக்கிறது? மழைக்குப் பிறகு பொறு என்றேன். மழை இல்லாவிட்டால் ஏறு என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கூடுதலாக ஒரு கதவைப் பூட்டுகிறீர்கள், என் கதவு திறந்துவிடவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நீங்கள் நிறத்தையும் விரிசலின் உதட்டையும் படிக்கத் தெரிந்தவர். இந்தத் திரியைப் படித்துவிட்டு நாளை சுவருக்குப் போகும் பலர் அப்படி அல்லர். அவர்கள் கையில் "நீயே பார்த்து முடிவு செய்" என்பதைக் கொடுத்தால், நெடுந்தூரம் வந்துவிட்ட களைப்பில், காய்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஏற ஆசைப்படும் கண் ஈரத்தைப் பார்க்காது. மணிக்கணக்கு அந்த ஆசைக்கு எதிரான காவல்.

தென்முகம்

இந்த ஒரு வாதம் வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் படிக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களை அப்படியே விட்டுவைப்பதா, படிக்கச் சொல்லிக் கொடுப்பதா? மணிக்கணக்கை மட்டும் கற்றவர் 73-ஆவது மணியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்.

விடியல்ஏறி

பிடி உடைவது பற்றி நிறையப் பேசியாயிற்று. இளவேனிலில் பாறையே உடைந்து விழுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. விரிசலுக்குள் அது இரவில் உறைந்து பகலில் உருகி, குளிர்காலம் முழுவதும் ஆப்பு அடித்துக்கொண்டே இருக்கிறது. பனிக்கட்டி பிடித்து வைத்திருந்த கல்லை இளவேனில் வெயில் விடுவிக்கிறது. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பாறைச் சரிவுகள் குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் அதிகம். மழை, பனி உருகல், உறைகுளிர் மூன்றும் சேரும் காலம் அது. எனவே மேலே பனி தங்கியிருக்கும் சுவரில் வெயில் நல்ல அறிகுறி அல்ல. காலையில் காய்ந்திருந்த தடம் நண்பகலில் ஒழுகத் தொடங்கும், கூடவே கல்லும் வரும். பருவத்தின் முதல் ஏற்றத்தில் ஒவ்வொரு பெரிய பிடியையும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று கேட்டால் விலகிப் போங்கள். கீழே கயிறு பிடிப்பவர் நேர்க்கீழே நிற்கக் கூடாது.

கசிவுநீர்

இதைச் சொன்னதற்கு நன்றி. தலைக்கவசம் அணியாமல் கயிறு பிடிப்பவர்களை இந்தப் பருவத்தில் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நெடுஞ்சுவர்

எல்லாவற்றையும் நால்வரும் சேர்ந்து படித்தோம். மணற்கல் சுவருக்குப் போகவில்லை. எங்கள் கல் எந்த வகை என்று தெரியாதபோது மணற்கல்வாசியின் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கருங்கல் சுவருக்குப் போகலாமா? மேற்குப் பார்த்தது, விரிசல் ஏற்றங்கள். உச்சியில் நிழலான இடத்தில் கொஞ்சம் பனி இருப்பது தூரத்திலிருந்தே தெரிகிறது.

மணற்கல்வாசி

மனம் நிறைந்த நன்றி. கருங்கல்லின் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்து இறுகியவை, நனைந்தால் வழுக்குமே தவிர மணற்கல்லைப் போல நொறுங்காது. தாராளமாகப் போங்கள்.

விடியல்ஏறி

தாராளமாக என்று நான் சொல்லமாட்டேன். மேற்குச் சுவருக்கு வெயில் பிற்பகலில்தான் வரும், பனியும் அப்போதுதான் உருகும். காலையில் ஏறி, வெயில் உச்சியைத் தொடுவதற்குள் இறங்கிவிடுங்கள். பனித்திட்டுக்கு நேர்க்கீழே உள்ள தடங்களை விட்டுவிட்டு, பக்கவாட்டில் துருத்தி நிற்கும் முகட்டுத் தடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

தென்முகம்

விரிசல் ஏற்றம் என்பதால் ஒன்று. விரிசலுக்குள் விரிந்து பிடிக்கும் கேம் கருவி பாறையோடு உராய்ந்துதான் நிற்கிறது. அதன் வளைவுக் கோணம் பொதுவாக 14 பாகையை ஒட்டியது, எனவே உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.25-க்குக் கீழே போனால் அது பிடிக்காது. சுத்தமான கருங்கல் நனைந்திருந்தாலும் பெரும்பாலும் அதற்கு மேலேதான் நிற்கும். குளிர்காலச் சேறும் பாசியும் விரிசலுக்குள் படிந்திருந்தால் நிலைமை வேறு. உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் இயல்பான இடுக்கில் ஆப்புக் கருவியை இறுக்கிவிட்டு மேலே போங்கள்.

புறப்படும் முன், பறவைகள் கூடு கட்டும் காலத்துக்காகச் சுவர் மூடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பொரி வல்லூறுகள் இந்த மாதங்களில்தான் பாறை விளிம்புகளில் முட்டையிடும். பிரிட்டனில் பல சுவர்கள் மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை இதற்காக மூடப்படுகின்றன. பாறை எவ்வளவு காய்ந்திருந்தாலும் அப்போது ஏறக் கூடாது.

மணற்கல்வாசி, 72 மணி நேரத்தை நான் இன்னும் ஏற்கவில்லை. உங்கள் சுவரின் உள்ளீரம் எத்தனை நாளில் போகிறது என்று ஒரே மழைக்குப் பிறகு தெற்கு முகத்திலும் வடக்கு முகத்திலும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். நானும் என் பக்கத்தில் குறிக்கிறேன். பருவம் முடிந்ததும் இதே திரியில் எண்களோடு பேசலாம்.

மணற்கல்வாசி

குறிக்கிறேன். உதிர்ந்து கிடக்கும் கல்துண்டுகளை எடுத்து எடை போட்டு, உலர்த்தி மறுபடி எடை போட்டால் உள்ளீரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சுவரிலிருந்து மட்டும் எதையும் பெயர்க்காதீர்கள்.