டெத் வேலிக்கு எப்போது போகலாம்? பெற்றோருடன் கோடையில் போக நினைப்பவர்களுக்கு

"அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். ஜூலை 4 விடுமுறைக்கு லாஸ் வேகஸ் போகிறோம். அங்கிருந்து இரண்டு மணி நேரம்தானே, டெத் வேலியையும் பார்த்துவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். டெத் வேலி அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பாலைவனப் பள்ளத்தாக்கு, தேசியப் பூங்கா. அந்தப் பயணத்தை நவம்பருக்குத் தள்ளிப்போடுங்கள். அதற்குள் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்றால் வேறு இடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

"நாங்கள் பார்க்காத வெயிலா" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், ஜூன் கடைசியில் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் பேட்வாட்டர் பேசின் என்ற உப்புத் தரையில் இறங்கியதும் அப்பா, "வியர்க்கவே இல்லையே, நம்ம ஊருக்கு இது பரவாயில்லை" என்றார். கால் மணி நேரம்கூட நடந்திருக்க மாட்டோம். தலை சுற்றுகிறது என்று அங்கேயே உட்காரப் பார்த்தார். உட்கார நிழல் ஏது? கையைப் பிடித்துக் காருக்கு அழைத்து வரும்போதுதான் அவர் சட்டையின் முதுகுப்பக்கம் கண்ணில் பட்டது. துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது, அதில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். வியர்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது, அனல் காற்று அதை அப்போதைக்கப்போதே உறிஞ்சிவிட்டிருக்கிறது. ஏசியில் உட்காரவைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். தெளிய ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

கடலோரப் புழுக்கத்தில் வியர்வை உடம்பிலேயே நிற்கும். எரிச்சல் தாங்காமல் நாமே நிழலுக்கு ஓடிவிடுவோம். பாலைவனத்தில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. தாகம் தெரிவதற்குள் உடம்பில் தண்ணீர் குறைந்துவிடுகிறது. வெயிலில் வளர்ந்தவர்கள் என்ற தைரியம்தான் அங்கே நம் ஆட்களுக்கு ஆபத்து.

ஜூலையில் சராசரிப் பகல் வெப்பமே 116 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 47 செல்சியஸ். இரவுச் சராசரி 31 செல்சியஸ். 1913 ஜூலை 10 அன்று பள்ளத்தாக்கில் உள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 134 ஃபாரன்ஹீட்தான் (கிட்டத்தட்ட 57 செல்சியஸ்) இன்றுவரை உலக சாதனை. இடத்தின் அமைப்பு அப்படி. பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கிறது, இரண்டு பக்கமும் உயரமான மலைகள். சூடாகி மேலே போகும் காற்று வெளியேற வழியில்லாமல் திரும்பக் கீழே இறங்கி, அழுத்தத்தில் இன்னும் சூடாகிறது. ஏதாவது ஆனால் ஹெலிகாப்டர் வருமே என்றும் இருக்க முடியாது. 2024 ஜூலையில் மணல்மேட்டில் கால் வெந்துபோன ஒரு பயணியை ஏற்றிச்செல்ல வந்த ஹெலிகாப்டரால் அந்த வெப்பத்தில் அங்கே இறங்க முடியவில்லை. அவரை உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள்.

சரி, எப்போதுதான் போவது? நவம்பர் முதல் மார்ச் வரை. அதிலும் என் தேர்வு டிசம்பர் முதல் இரண்டு வாரம். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக் கூட்டம் கலைந்து, கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்கு முந்தைய இடைவெளி அது. பகலில் 18 செல்சியஸ், எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் நாலரை மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வீதியைப் பார்க்க அந்த வானம் ஒன்று போதும்.

பூக்களுக்காகப் போக விரும்பினால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை. இலையுதிர்கால மழை சரியாகப் பெய்திருந்தால்தான் தரை பூக்கும். 1998, 2005, 2016 போல எங்கும் பூவாகப் பூக்கும் ஆண்டுகள் அபூர்வம். அதை நம்பி மாதக்கணக்கில் முன்னால் திட்டம் போடாதீர்கள்.

ஒரே நாளில் அங்கே இரண்டு பருவங்கள் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். மலைமேல் இருக்கும் டான்டேஸ் வியூ என்ற காட்சிமுனை 5,400 அடிக்கு மேல், அங்கே வெப்பம் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 20 ஃபாரன்ஹீட் (11 செல்சியஸ்) குறைவாக இருக்கும். அந்த மண்ணின் மக்களான டிம்பிஷா ஷோஷோனிகள் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கிலும் கோடையில் மலைமேலும் வாழ்ந்தவர்கள். கோடையில் போயே ஆக வேண்டும் என்றால் அவர்கள் வழிதான் சரி. விடியலில் ஸப்ரிஸ்கி பாயின்ட் என்ற காட்சிமுனை, அப்புறம் நேரே டான்டேஸ் வியூ. பத்து மணிக்கு மேல் கீழே நடக்கக் கூடாது என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள்.

எந்த மாதமானாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் (சுமார் நாலு லிட்டர்) தண்ணீர் வையுங்கள். பெட்ரோலை வெளியே பேட்டி (Beatty), பாரம்ப் (Pahrump) போன்ற ஊர்களில் நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே விலை அதிகம். பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள். கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரம் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயலால் ஒரு வருட மழை ஒரே நாளில் கொட்டி, பூங்காவையே ஏறத்தாழ இரண்டு மாதம் மூடிவிட்டார்கள்.

பின்சேர்க்கை: அக்டோபரில் போகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடைசி வாரம் என்றால் போகலாம், காலையில் மட்டும். அந்த மாதச் சராசரிப் பகல் வெப்பமே 34 செல்சியஸ்.

அப்பா அம்மா அடுத்த முறை வந்தபோது டிசம்பரில் கூட்டிப்போனேன். அதே உப்புத் தரையில் அப்பா முன்னால் நடந்தார், காலடியில் உப்பு நறநறவென்று நொறுங்கியது. அம்மாதான் மேலே டான்டேஸ் வியூவில் காற்றுக்கு நடுங்கிவிட்டார். பெரியவர்களுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் மறக்காமல் எடுத்துவையுங்கள்.